வாசகசாலையின் வாயிற்படி: வடாலாவிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

(சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

கடந்த ஞாயிற்றுக்கிழமை, வடாலா கிழக்கில் அன்டாப் ஹில்லை ஒட்டிய ஒரு மறுகுடியமர்வுக் கட்டடத்தில் நடைபெற்ற குடியிருப்போர் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். குடிசைப் பகுதிகளை அகற்றி எழுப்பப்படும் இத்தகைய கட்டடங்களில் ஒரு பால்வாடியும் ஒரு நலக்கூடமும் இருக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கட்டடத்து நலக்கூடத்திலோ உடைந்த நாற்காலிகளும் கணபதிப் பந்தலின் மூங்கில்களுமே குடியிருந்தன. அதனை ஒரு வாசகசாலையாக மாற்றலாம் என இளைஞர் சிலர் முன்மொழிந்தனர். எவரும் எதிர்க்கவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து அம்மையார் ஒருவர் மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"லைப்ரரி வரட்டும் தம்பி, நல்லதுதான். எம் பொண்ணு ராத்திரி எட்டு மணிக்கு அங்கன போயி ஒத்தையில உக்காந்து படிக்க முடியுமா? மொதல்ல அதச் சொல்லுங்க."

கூட்டத்தில் அதற்கு உடனே விடை சொல்வார் இல்லை. நூல்கள் எத்தனை, அலமாரிக்கு யார் பணம் தருவார், எந்தெந்த நாளிதழ் வாங்குவது என்பனவற்றையே அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். அம்மையார் கேட்டது நூல்களைப் பற்றியதன்று, வாயிற்படியைப் பற்றியது. மும்பையின் நூலக வரலாற்றைச் சில ஆண்டுகளாகப் படித்துவருபவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கேள்வி புதிதாகத் தோன்றவில்லை. இந்நகரில் நூலகம் தோன்றிய நாள்முதல் அந்தக் கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் கேட்கப்பட்டே வந்திருக்கிறது. அதனைக் கேட்டவர்கள் யாவர், அவர்களுக்கு என்ன விடை கிடைத்தது என்பதைச் சொல்வதே இப்பதிவின் நோக்கம்.

*

பம்பாயில் 1804ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இலக்கியக் கழகமே பின்னர் ஆசியவியல் கழகத்தின் பம்பாய்க் கிளையாயிற்று. கோட்டைப் பகுதியில் உயர்ந்த படிக்கட்டுகளுடன் நிற்கும் நகர மண்டபம் 1833இல் கட்டி முடிக்கப்பட்டது. கழகத்தின் நூலகம் அங்கே அமைந்தது. இந்தியாவைப் பற்றிய நூல்களை அரிதின் முயன்று சேர்த்த அந்தக் கழகத்தில் இந்தியர் ஒருவர் உறுப்பினராகச் சேர்வதற்கு 1840 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பார்சி சமூகத்தைச் சேர்ந்த மானக்ஜி கர்செட்ஜி. 1847இல் தோன்றிய தொழில்நுட்பப் பணியாளர் கழகம் 1870இல் தனக்கெனக் கட்டடம் பெற்று, இன்று டேவிட் சாசூன் நூலகமாக விளங்குகிறது. 1898இல் மும்பை மராத்தி நூற் சங்கிரகாலயம் தோன்றியது. ஆங்கிலேயருக்குரிய இடமாக இருந்த நூலகம் இந்தியச் செல்வருக்கும், பின்னர் மராத்தி படித்த நடுத்தர வகுப்பாருக்கும் திறந்த கதையை இந்த ஆண்டுகள் சொல்கின்றன.

ஆயினும், ஆலைத்தொழிலாளியின் மகனுக்கும் தோல் பதனிடுபவரின் மகனுக்கும் அந்தக் கதவுகள் வெகுதொலைவில் இருந்தன. கட்டணம் ஒரு தடை. தூரம் ஒரு தடை. உள்ளே சென்றால் யார் என்ன கேட்பார்களோ என்ற அச்சம் எல்லாவற்றினும் பெரிய தடை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பரேல் பகுதியில் ஒற்றை அறை வீடொன்றில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் வாழ்ந்தான். சமையலும் உறக்கமும் படிப்பும் ஒரே அறையில். தலைமாட்டில் திரிகைக் கல்லும் காலடியில் ஓர் ஆடுமாக அவன் உறங்கியதாகவும், நள்ளிரவுக்குப்பின் இரண்டு மணியளவில் தந்தையார் அவனை எழுப்பிப் படிக்கவைத்ததாகவும் வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் எழுதுகிறார். பள்ளி முடிந்ததும் அச்சிறுவன் சர்னி ரோடு பூங்காவிற்குச் சென்று அமர்ந்து படிப்பான். அதே பூங்காவிற்கு நாள்தோறும் வந்துகொண்டிருந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், விளையாடும் வயதில் நூலும் கையுமாக இருக்கும் சிறுவனைக் கண்டு, அருகே சென்று பேச்சுக் கொடுத்தார். தம் நூல்களை இரவல் தந்தார். 1907இல் அம்மாணவன் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவனுக்குப் பரிசளித்தார். அந்த மாணவன் பீமராவ் அம்பேத்கர். பரோடா அரசர் சாயாஜிராவின் உதவித்தொகை அவருக்குக் கிடைக்கத் துணைநின்றவரும் கேளுஸ்கரே.

இந்த நிகழ்ச்சியை மேதையொருவரின் இளமைக் கதையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். நூலக வரலாற்றின் ஓர் இயலாகவும் இதனைப் படிக்கலாம். அந்தப் பூங்காவில் ஒரு நூலகத்திற்கு வேண்டிய மூன்று கூறுகள் இருந்தன. பெயரும் சாதியும் கேளாத வாயில்; எழுப்பி விரட்டப்படாமல் அமரக்கூடிய ஓர் இருக்கை; வந்திருப்பவரைக் கவனித்து, அவருக்குரிய நூலை எடுத்துக்கொடுக்கும் ஒரு மனிதர். நூல் அடுக்குகள் மட்டுமே இல்லை. நகரத்து நூலகங்களிலோ அடுக்குகள் இருந்தன. இந்த மூன்றும் அவனுக்குக் கிடைக்குமாறு இல்லை.

*

பரோடாவின் கதை இன்னும் கூர்மையானது. 1906இல் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியைச் சமஸ்தானம் முழுமைக்கும் விரித்த சாயாஜிராவ், கற்றவர் தொடர்ந்து கற்க நூலகம் வேண்டும் என்று கருதினார். வில்லியம் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை 1910இல் வரவழைத்தார். நடுவண் நூலகம், ஊர் நூலகங்கள், பெட்டிகளில் நூல் அனுப்பும் நடமாடும் நூலகம் என ஓர் இலவச நூலகக் கட்டமைப்பு அங்கே உருவாயிற்று. மகளிருக்கும் சிறுவருக்கும் தனிப் பிரிவுகள் இருந்தன. அக்கால இந்தியாவில் அதற்கு இணை வேறில்லை.

1917இல், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அம்பேத்கர், உதவித்தொகை ஒப்பந்தப்படி அந்தப் பரோடாவில் பணியேற்கச் சென்றார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துச் சில நாள் தங்கினார். தடியேந்திய கும்பல் வந்து வெளியேற்றியது. பம்பாய்க்குச் செல்லும் இரவுத் தொடர்வண்டிக்காகப் பல மணி நேரம் காமாட்டி பாக் என்ற பூங்காவில் அமர்ந்திருந்ததை அவரே தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இந்தியாவின் சிறந்த இலவச நூலகத்தைக் கட்டிய நகரம், அந்நாட்டின் மிகச்சிறந்த வாசகர்களுள் ஒருவரை மீண்டும் ஒரு பூங்கா இருக்கையிலேயே அமரவைத்தது.

அரசரின் நூலகத்தை இதனால் குறைத்துச் சொல்வது என் கருத்தன்று. நூலகத்தின் கதவு திறந்திருந்தாலும், அதற்கு வழிவிடும் தெருவும் விடுதியும் அலுவலகமும் மூடியிருந்தால் வாசகர் அங்கே நிலைக்க முடியாது என்பதையே இது காட்டுகிறது. வடாலா அம்மையார் இரவு எட்டு மணி என்று குறிப்பிட்டதும் இதனால்தான். அவர் கேட்டது அறைக்குள் இருக்கும் பாதுகாப்பை மட்டுமன்று. வீட்டிலிருந்து அறை வரையுள்ள வழியையும் சேர்த்தே.

*

1923 ஆகஸ்ட் 4 அன்று, சீதாராம் கேசவ் போலே பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார். பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், சத்திரங்கள், அவற்றுடன் பொதுப் பள்ளிகள், நீதிமன்றங்கள், அலுவலகங்கள், மருந்தகங்கள் ஆகியவற்றைத் தீண்டப்படாதார் எனப்பட்டோர் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். 1927 மகாடு போராட்டத்திற்குச் சட்ட அடிப்படையாக அமைந்தது இதுவே. இந்தப் பட்டியலை முதன்முறை படித்தபோது ஒன்று என் கண்ணில் பட்டது: நூலகம் அதில் பெயர் சுட்டிக் கூறப்படவில்லை. குடிநீர் போலவும் மருந்து போலவும் நூலும் பொதுமக்களின் தேவை என்ற எண்ணம் அப்பட்டியலில் இன்னும் இடம்பெறவில்லை.

அடுத்த ஆண்டே அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி தொடங்கியது. 1924 மார்ச் 9 அன்று பரேல் தாமோதர் மண்டபத்தில் அம்பேத்கர் கூட்டிய கூட்டத்தின் பயனாக, அவ்வாண்டு சூலையில் 'பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபை' அமைந்தது. அதன் குறிக்கோள்களுள் விடுதிகள் திறந்து கல்வி பரப்புவது முதலாவது. நூலகங்கள், சமூகக் கூடங்கள், படிப்பு வட்டங்கள் வழியே பண்பாட்டை வளர்ப்பது இரண்டாவது. நூலகத்தையும் சமூகக் கூடத்தையும் ஒரே வரியில் இணைத்து எழுதியிருப்பது கருதத்தக்கது. சபை பம்பாயில் ஓர் இலவச வாசகசாலையை நடத்தியது. கூடவே ஓர் ஆக்கி விளையாட்டுக் குழுவையும் நடத்தியது. நூலகத்திற்கு வருபவர் நூல் படிக்க மட்டும் வருவதில்லை, மதிப்புடன் ஓரிடத்தில் இருக்கவும் வருகிறார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அதே 1924 சனவரியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன் பணியேற்றார். பூட்டிய அலமாரிகளைத் திறந்து வாசகரே நூலைத் தொட்டு எடுக்கும் திறந்த அடுக்கு முறையை அவர் வலியுறுத்தினார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதாகும். பெண்கள், சிற்றூரார், சிறுவர், நோயாளிகள் எனப் புறந்தள்ளப்பட்டோர் அனைவரும் அந்த 'ஒவ்வொரு' என்னும் சொல்லில் அடங்குவர் என்று அவர் விரித்துரைத்தார். அவரது இடைவிடா முயற்சியின் பயனே, கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் காலத்தில் நிறைவேறிய 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம்.

1891இல் பிறந்த ஒருவர் வாயிற்கதவைப் பற்றிச் சிந்தித்தார். 1892இல் பிறந்த மற்றவர் நூலடுக்கைப் பற்றிச் சிந்தித்தார். இவ்விரு சிந்தனைகளையும் ஒருசேரப் படிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

*

இனி நம் பகுதிக்கு வருவோம். 1896இன் கொள்ளைநோய்க்குப்பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாதுங்கா, வடாலா நிலப்பரப்பில் அகன்ற சாலைகளும் பூங்காக்களும் கொண்ட குடியிருப்புகளை வகுத்தது. எழுத்தர் பணிக்கு வந்த தென்னிந்தியர் மாதுங்காவில் நிலைபெற்றனர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தைத் தொடங்கினர். தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஆதி திராவிடரும் இசுலாமியரும் தாராவியில் தங்கினர். உப்பளங்களும் துறைமுகக் கிடங்குகளுமாக இருந்த வடாலாவில் பின்னர் வந்தோர் குடியேறினர். மிட்டாகர் என்னும் ஊர்ப்பெயர் அந்த உப்பளங்களின் எச்சம். ஒரே மொழி பேசியவர்களாயினும், மாதுங்காத் தமிழரின் அலமாரியும் தாராவித் தமிழரின் திண்ணையும் ஒன்றாக இருந்ததில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அம்பேத்கர் தம் நூல்களுக்கென்றே கட்டிய இராஜகிருகம், மாதுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் இன்றும் நிற்கிறது. பூங்கா இருக்கையில் படித்தவர் பல்லாயிரம் நூல்களுக்கு வீடு கட்டினார். அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தின் சித்தார்த்த விகார் விடுதி வடாலாவில் அமைந்தது. ராஜா தாலே போன்ற எழுத்தாளர்கள் வாழ்ந்து விவாதித்த அந்த விடுதி, 1972இல் தோன்றிய தலித் பேந்தர் இயக்கத்தின் கதையோடு பின்னிப்பிணைந்தது. படிக்க இடமும் பேச இடமும் ஒருங்கே கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு வடாலாவிலேயே சான்று இருக்கிறது.

தமிழர் பக்கத்தில் 'படிப்பகம்' என்ற சொல்லே ஒரு வரலாறு. 1940 சனவரியில் பெரியார் பம்பாய் வந்து அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்ததும், தாராவித் தமிழரிடையே பேசியதும் பலரும் அறிந்தவை. திராவிட இயக்கம் வளர்ந்த ஊர்களிலெல்லாம் தேநீர்க் கடையும் முடிதிருத்தகமும் படிப்பகங்களாயின. ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் பலர் கேட்டனர். சாதி கேளாத இருக்கை அங்கே இருந்தது. ஆனால் பெண்ணுக்கு இருக்கை இருந்ததா? பெரும்பாலும் இல்லை. ஒருவருக்கு வரவேற்பாக இருந்த வாயில் இன்னொருவருக்கு ஆண்கள் கூடி நிற்கும் தெருமுனையாகவே இருந்தது. கட்சிக் கொடி பறக்கும் படிப்பகத்தில் மாற்றுக் கருத்தினர் நுழையத் தயங்கினர் என்பதும் உண்மை.

1966 சூன் மாதம் சிவசேனா தோன்றியபின் தென்னிந்தியருக்கு எதிரான பரப்புரையும், உணவகங்கள் மீதான தாக்குதல்களும் நடந்தன. அச்சூழலில் தமிழ் எழுத்துடைய பெயர்ப்பலகையைத் தொங்கவிடுவதே துணிவு வேண்டும் செயலாயிற்று. அதன் மறு ஆண்டு, 1967இல், மகாராட்டிரப் பொது நூலகச் சட்டம் வந்தது. சென்னைச் சட்டம் நூலக வரி விதித்து அரசே நூலகம் நடத்த வழிசெய்தது. மகாராட்டிரச் சட்டமோ வரி விதிக்கவில்லை. பதிவுபெற்ற அமைப்புகள் நடத்தும் நூலகங்களைத் தரம் பிரித்து மானியம் வழங்கும் முறையைக் கைக்கொண்டது. மராத்தி நூலகச் சங்கங்களின் நெடிய மரபுக்கு அது பொருந்தியது. பதிவுச் சான்றும் சொந்த இடமும் இல்லாத குடிசைப் பகுதிக்கோ அந்த மானியம் எட்டாக் கனியாயிற்று. தமிழ்நாட்டில் நூலகம் என்பது அரசு தரும் ஒன்று என்று பழகிய நம்மவர், இங்கே அதை நாமே கட்ட வேண்டும் என்பதைத் தாமதமாகவே உணர்ந்தோம்.

1992-93 கலவரங்களில் அன்டாப் ஹில், வடாலா, தாராவிப் பகுதிகள் பட்ட துயரம் இன்னொரு வாயிற்படியை எழுப்பியது. ஒரு சந்தினர் மறு சந்துக்குள் நுழைய அஞ்சிய காலம் அது. பின்னர் உருவான மொகல்லா குழுக்கள், இரு தரப்பாரும் ஒரே அறையில் அமர்வதையே முதற்பணியாகக் கொண்டன.

*

இன்றும் வொர்லியில் 'அப்யாஸ் கல்லி' என்றொரு தெரு உண்டு. சுற்றியுள்ள சால்களில் வாழும் மாணவர்கள் தெருவிளக்கின்கீழ் அமர்ந்து படிப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. அதனைச் செய்தித்தாள்கள் பெருமையுடன் எழுதுகின்றன. எனக்கோ அத்தெருவைக் காணுந்தோறும் சர்னி ரோடு பூங்காவே நினைவுக்கு வருகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் படிக்க இடம் தேடித் தெருவுக்கு வரும் பிள்ளைகளின் உழைப்பு பெருமைக்குரியது. அவர்களைத் தெருவுக்கு அனுப்பும் நகரத்திற்கு அதில் பெருமை இல்லை.

சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்போர்க்கெனத் தனிப் பிரிவு உண்டு. நூலகத்தின் நூலைத் தொடாதவரும் நூலகத்தின் விருந்தினரே என்று ஏற்கும் ஏற்பாடு அது. நம் நகரத்து அப்யாசிகைகள், அதாவது படிப்பறைகள், கற்றுக்கொள்ள வேண்டிய பண்பும் அதுவே.

ஞாயிறு கூட்டத்தில் இந்த வரலாற்றையெல்லாம் சொல்ல நேரமில்லை. சுருக்கமாகச் சிலவற்றை மட்டும் முன்வைத்தேன். அமர்ந்து படிப்பவரிடம் ஆதார் அட்டையோ கட்டணமோ கேட்க வேண்டாம். நூலை வீட்டிற்கு எடுத்துச் செல்பவர் மட்டும் பெயர் எழுதட்டும். படிக்கட்டிலும் சந்திலும் விளக்கு எரிய வேண்டும்; தாழ்ப்பாள் உள்ள கழிவறையும் குடிநீரும் நூல்களுக்கு முன்பே வர வேண்டும். சந்தைப் பார்த்த சன்னல்கள் திறந்திருக்கட்டும். தமிழ், மராத்தி, இந்தி, உருது நாளிதழ்கள் ஒரே மேசையில் இருக்கட்டும். சுவரில் எந்தக் கட்சியின் கொடியும் வேண்டாம். எவரேனும் தொல்லை தந்தால் யாரிடம் சொல்வது, என்ன நடவடிக்கை என்பது நான்கு மொழிகளிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, ஊதியம் பெறும் ஒருவர் திறக்கும் நேரம் முதல் மூடும் நேரம் வரை அங்கே இருக்க வேண்டும். பூங்காவில் தனித்திருந்த சிறுவனிடம் சென்று பேசிய கேளுஸ்கர் போன்ற ஒருவர் இல்லாத அறை, பூட்டப்படாத கிடங்கே.

ஊதியத்திற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதில் விவாதம் நீண்டது, இன்னும் முடியவில்லை. ஒன்று மட்டும் அன்றே முடிவாயிற்று. அறையின் சாவி இளைஞர் மன்றத்திடம் இராது. மகளிர் பச்சத் கட் உறுப்பினர் இருவரிடம் இருக்கும். கேள்வி கேட்ட அம்மையார் அவர்களுள் ஒருவர். "மொத மாசம் நானே வந்து உக்காருதேன் தம்பி. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா யாரு வாரா யாரு போறான்னு பாப்பேன்" என்றார். மூங்கில்களை அகற்றும் பணி வரும் ஞாயிறன்று தொடங்குகிறது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராவி, வடாலா, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் நீங்களோ உங்கள் பெற்றோரோ சென்ற படிப்பகம், வாசகசாலை, இரவல் நூலகம் எதுவாயினும் அதன் நினைவை எழுதுங்கள். பழைய உறுப்பினர் அட்டை, முத்திரையிட்ட நூலின் முதல் பக்கம், ஒளிப்படம் ஏதேனும் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்பி உதவுங்கள். குறிப்பாக, அங்கே பெண்கள் சென்றார்களா, எந்த நேரத்தில் சென்றார்கள் என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். நம் படிப்பகங்களின் வரலாற்றை நடத்தியவர்களின் பெயர்களைக்கொண்டே இதுவரை எழுதியிருக்கிறோம். வாயிற்படியில் தயங்கி நின்றவர்களிடமிருந்தும் அதனை எழுத வேண்டும்.